ஐந்தாம் ஆண்டின் தண்ணீர் ஆராய்ச்சி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தலைமையாசிரியர் பழனியப்பன் இந்தக் கதையைச் சொன்னால் அவரும் இங்கிருந்துதான் ஆரம்பிப்பார். "தனலெட்சுமி டீச்சர் நல்லவங்கதான், ஆனா..." என்று இழுப்பார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

1998-ஆம் வருடம். நான் குடியிருந்தது கிள்ளானில். வேலை தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்தில், ரயில் தண்டவாளத்துக்கு அருகே இருந்த ஒரு தமிழ்ப்பள்ளியில். பள்ளியின் பெயர் வேண்டாம், இன்னும் எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் ரயிலைப் பிடித்துப் பள்ளி மணிக்கு முன்னால் போய்ச் சேரலாம். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளி நாளில் ஒரு நாள்கூட அவள் கண் விழிக்கும்போது நான் வீட்டில் இருந்ததில்லை. எழுந்ததும் "அம்மா எங்க?" என்று கேட்பாளாம். கொஞ்ச நாளில் அதையும் கேட்பதை விட்டுவிட்டாள் என்று என் கணவர் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அதனால் கிள்ளானுக்கு மாற்றல் கேட்டு ஒவ்வொரு வருடமும் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் பழனியப்பன் சார் அதில் ஒரே வரியைத்தான் எழுதினார்: 'மாற்று ஆசிரியர் இல்லை. ஆதரிக்கவில்லை.' நாலு வருடமும் அதே வரி, அதே நீல மை. இது ஐந்தாவது பாரம்.

அந்த நேரத்தில்தான் என்னை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இணையம் வழி ஆராய்ந்து கற்றல் என்று பெயர். ஆசிரியர் விடை சொல்லக் கூடாதாம். ஒரு கேள்வியை மட்டும் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டுமாம். பிள்ளைகள் குழு குழுவாகப் பிரிந்து, இணையத்தில் தேடி, விடையைக் கண்டுபிடித்து வந்து வகுப்பில் படைக்க வேண்டும். பதினைந்து வருடமாக விடை சொல்லியே பிழைத்தவளை வாயை மூடிக்கொண்டு நில் என்றால் எப்படி இருக்கும். கடைசி நாளில் ஒரு பாரம் கொடுத்தார்கள். இதை ஒரு வகுப்பில் செய்து பார்க்க வேண்டும், கல்வி இலாகா அதிகாரி வந்து பார்ப்பார், முடிந்ததும் நன்மைகளுக்கு மூன்று வரி, தீமைகளுக்கு மூன்று வரி எழுதி அனுப்ப வேண்டும்.

பழனியப்பன் சாருக்கு அதிகாரி வருகிறார் என்றால் போதும், கை கால் ஓடாது. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"டீச்சர், இதை நல்லபடியா செஞ்சிடுங்க. நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பேர் வரணும். வந்துச்சின்னா, இந்த வருஷம் உங்க பாரத்துல நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"ஆதரிக்கிறேன்னு எழுதுவீங்களா சார்?"

"எழுதுவேன் லா."

ஐந்து வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. எந்தக் கேள்வியானாலும் கொடுத்துவிடலாம் என்று வெளியே வந்தேன்.

கேள்விக்கு அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. அந்த வருடம் தலைநகரைச் சுற்றித் தண்ணீர்ப் பஞ்சம். நாள் விட்டு நாள் பங்கீடு, தண்ணீர் லோரி, சாலையில் வாளிகளின் வரிசை. எங்கள் பள்ளிக் குழாய்களில் ஏப்ரல் மாதத்திலிருந்து ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனால் பழனியப்பன் சார் அசரவில்லை. 'வாளிக் குழு' என்று ஒன்றை அமைத்தார். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் கொண்டுவர வேண்டும். பெரிய பிள்ளைகள் அடுத்த சாலையில் இருக்கும் அம்மன் கோயில் குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து வந்து கழிப்பறைத் தொட்டியை நிரப்ப வேண்டும். திங்கட்கிழமை சபைகூடலில் தியாகம் பற்றிப் பேசுவார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் அவருக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

கோயிலில் மட்டும் எப்படித் தண்ணீர் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. அம்மன் கோயில் என்றால் வரும்தானே என்று இருந்துவிட்டோம். "எல்லாம் ஆத்தா அருள்" என்று சபைகூடலிலேயே ஒருமுறை சொன்னார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஆகவே என் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு நான் கொடுத்த கேள்வி: 'நம் பள்ளிக் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை?' மழை இல்லை, அணை வற்றிவிட்டது, மக்கள் தொகை கூடிவிட்டது. மூன்று விடையும் என் மேசையில் தயாராக இருந்தன. கேள்வி பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும் என்று பயிற்சியில் சொன்னது எவ்வளவு சரி என்று நினைத்துக்கொண்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

பள்ளியில் கணினி இல்லாமல் இல்லை. தலைமையாசிரியர் அறையில் ஒன்று இருந்தது. சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அழியாமல், மேலே சிவப்புத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. இணையத்தைத் திறந்தால் பள்ளியின் ஒரே தொலைபேசி ஊமையாகிவிடும். முதல் நாள் பத்து நிமிடம் திறந்தோம். "முக்கியமான போன் வரும்" என்று பழனியப்பன் சார் கம்பியைப் பிடுங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் பிள்ளைகள் வாசுவின் சைபர் கஃபேக்குப் போனார்கள். வாசு அதற்கு முன்னால் அதே கடையில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவன்.

ஒரு வாரம் கழித்து முப்பத்தொரு ஃபோலியோ என் மேசைக்கு வந்தது. நம் ஊரில் ஃபோலியோ என்றால் தெரியும். வண்ண அட்டை, பிளாஸ்டிக் முதுகு, முதல் பக்கத்தில் பெயர், இரண்டாம் பக்கத்தில் நன்றியுரை, அப்புறம்தான் விஷயம். விஷயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நன்றியுரை இருக்க வேண்டும். அச்சடித்து ஒட்டக் கூடாது, கையால் தமிழில் எழுத வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். பிள்ளைகளும் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதியிருந்தார்கள்.

முதல் ஃபோலியோ பாலனுடையது. நன்றியுரையில் இப்படி இருந்தது: 'இந்த ஆராய்ச்சியைச் செய்த ஏழு ஆண்டுகளும் பொறுமையாக இருந்த என் அன்பு மனைவி லிண்டாவுக்கு என் நன்றி.'

பாலனுக்குப் பதினொரு வயது.

அடுத்த ஃபோலியோவை எடுத்தேன். அவனுக்கும் மனைவி லிண்டா. அதற்கடுத்தது சீதாலெட்சுமி. அவளும் லிண்டாவின் பொறுமைக்கு நன்றி சொல்லியிருந்தாள். பதினாறு பெண் பிள்ளைகள் உட்பட முப்பத்தொரு பேருக்கும் ஒரே மனைவி. உள்ளே அரிசோனா பாலைவனத்தில் நிலத்தடி நீர் எப்படிக் குறைகிறது என்று ஒன்பது பக்கம். எங்கள் பள்ளிக் குழாயைப் பற்றி ஒரு வரி இல்லை.

அன்று மாலையே வாசுவின் கடையில் போய் நின்றேன்.

"என்னய்யா கொடுத்தே பிள்ளைங்களுக்கு?"

"வாட்டர் செட் அக்கா," என்றான் வாசு, வெகு பெருமையாக. "முப்பது பேரும் தனித்தனியா தேடுனா லைன் ஸ்லோவா போயிடும். நானே தேடி நல்லதா ஒன்னு எடுத்து, எல்லாத்துக்கும் பிரிண்ட் போட்டுட்டேன். கடைசியில நன்றியுரைகூட இருந்துச்சி. டீச்சர் கேப்பாங்கன்னு அதையும் விடலை."

"யாரு லிண்டா?"

"எழுதுனவரோட வொய்ஃப்பா இருக்கும் கா. நல்ல மனுஷன்."

நான் என்ன சொன்னேன் என்பது வேண்டாம். மறுநாள் வகுப்பில் முப்பத்தொரு ஃபோலியோவையும் மேசையில் அடுக்கினேன். என் கோபம் அந்த வகுப்புக்குப் பழக்கம், மழை வந்தால் குடை விரிப்பதுபோல் தலையைக் குனிந்துகொள்வார்கள். திட்டி முடித்த பிறகு ஒரு புது விதி சொன்னேன். இணையத்தில் படித்ததை உயிரோடு இருக்கும் ஒரு மனிதரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். மனிதர் சொன்னதை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் எழுதலாம். இந்த விதி பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததல்ல, கோபத்தில் வந்தது. அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், இடைவேளையில், ராஜேஸ்வரி என் மேசைக்கு வந்தாள். ஒல்லியான பெண். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள், பேசினால் பதில் சொல்லச் சிரமமாக இருக்கும். அவள் குழுவில் இருந்த மற்ற மூவரும் பின்னால் நின்றார்கள்.

"டீச்சர், கோயிலுக்கும் நமக்கும் ஒரே பைப்புதானே?"

"ஏன் கேக்கறே?"

அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். ஒரு செய்தித்தாளின் இணையப் பக்கத்தில் வந்த பங்கீட்டு அட்டவணை. எந்தெந்தச் சாலைக்கு எந்தெந்த நாள் தண்ணீர் என்று போட்டிருந்தது. "நம்ம ரோட்டைத் தேடிப் பாத்தோம். லிஸ்ட்ல இல்ல. மே மாசமே எடுத்துட்டாங்க. அப்புறம் நீங்க சொன்ன மாதிரி ஆளைக் கேட்டோம். எதிர்ல இருக்கிற கடை அங்கிள், கோயில் குருக்கள், எங்க ஃப்ளாட்ல ரெண்டு ஆன்டி. எல்லாருக்கும் ரெண்டு மாசமா தண்ணி வருதாம். அப்புறம் நேர்ல போய்ப் பாத்தோம்."

"எங்க போய்?"

"நம்ம ஸ்கூல் கேட் பக்கத்துல. தண்ணி மீட்டர் முள் ஆடவே இல்ல டீச்சர். பைப் பின்னாடியே போனோம். பெரிய காகிதப்பூத் தொட்டிக்கு அடியில மெயின் வால்வு இருக்கு. மூடி இருக்கு."

தோட்டக்காரர் தம்புசாமியைக் கேட்டார்களாம். அவர் ஒளிக்கவில்லை. ஏப்ரலில் பங்கீடு தொடங்கி முதல் தடவை தண்ணீர் விட்டபோது கலங்கலாக, செம்மண் நிறத்தில் வந்தது. "பெரிய சார் அடைக்கச் சொன்னாரு, அடைச்சேன். அப்புறம் பள்ளிக்கூட அழகுப் போட்டிக்குப் பூந்தொட்டி வைக்கச் சொன்னாரு, வெச்சேன். தெறக்கச் சொல்லலையே."

மூன்று மாதம். இரண்டு போத்தல் பெருக்கல் முந்நூறு பிள்ளைகள். பொன்னாடை வேறு. எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது.

நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். காதும் காதும் வைத்தாற்போல் சொல்லிவிட்டால், இரவோடு இரவாகத் திறந்துவிடுவார், யாருக்கும் மானம் போகாது என்பது என் எண்ணம். மேசை மேல் என் மாற்றல் பாரம் இருந்தது. பக்கத்தில் பேனா.

"நாளைக்கு முடிஞ்சதும் போட்டுடுவோம் டீச்சர்," என்றார். "அதிகாரிகிட்ட வாளிக் குழு பத்தியும் பிள்ளைங்க நாலு வார்த்தை சொல்லட்டும். என் பேரைச் சொல்லணும்னு இல்ல. சொன்னாலும் தப்பில்ல."

நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பேனா எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் பயந்தேன். வகுப்புக்குத் திரும்பி வந்து, ராஜேஸ்வரியைக் கூப்பிட்டு, இன்றுவரை நினைத்தால் வெட்கமாக இருக்கும் ஒன்றைச் சொன்னேன்.

"கடைசிப் பக்கத்தை மட்டும் நாளைக்குப் படிக்க வேணாம்மா."

"தப்பா எழுதிட்டோமா டீச்சர்?"

"தப்பில்ல."

"மூனும் ஒத்துப்போச்சே."

"ஒத்துப்போச்சி."

"அப்புறம் ஏன்?"

"போய் உக்காரு" என்றேன்.

மறுநாள் அதிகாரி தியாகராஜன் வந்தார். கழுத்துப்பட்டை, கோப்பு, மெல்லிய மீசை. வகுப்பின் பின்வரிசையில் பழனியப்பன் சாரும் அவரும் உட்கார்ந்தார்கள். முதல் குழு மழையைப் பற்றிச் சொன்னது. இரண்டாம் குழு அணைக்கட்டின் படத்தை வரைந்து காட்டியது. பாலன் வாளிக் குழுவின் சேவையைச் சொன்னபோது பழனியப்பன் சார் அடக்கமாகத் தரையைப் பார்த்தார். எல்லாம் வாய்க்காலில் ஓடும் தண்ணீர்போல் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக ராஜேஸ்வரி எழுந்தாள்.

அட்டவணையைக் காட்டினாள். கடைக்காரரும் குருக்களும் சொன்னதைப் படித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, குறும்பும் இல்லை. என்ன செய்யட்டும் என்று கேட்டாள், அவ்வளவுதான். எனக்கு என் மகளின் தூங்குகிற முகம் கண்ணில் வந்தது. அடுத்த வருடமும் அதை இருட்டில் பார்த்துவிட்டுத்தான் படி இறங்கப்போகிறேன் என்று தெரிந்தது. முப்பத்தொரு பேரைத் திட்டித் திட்டி உண்மையைத் தேடச் சொல்லிவிட்டு, கிடைத்ததும் மூடி வை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையசைத்தேன்.

"எங்கள் கண்டுபிடிப்பு," என்று ராஜேஸ்வரி படித்தாள். "நம் பள்ளிக் குழாயில் தண்ணீர் வராததற்குக் காரணம் தலைமையாசிரியர்."

தியாகராஜன் கோப்பை மூடினார். "வால்வு எங்கம்மா இருக்கு, காட்டு" என்று எழுந்தார்.

வகுப்பு முழுவதும் பின்னால் போனது. தம்புசாமி தொட்டியை நகர்த்தி, அதிகாரியைப் பார்க்காமல் பழனியப்பன் சாரைப் பார்த்து, "தெறக்கவா சார்?" என்று கேட்டார். அதிகாரிதான் "திறங்க" என்றார். தம்புசாமி மறுபடியும் சாரைப் பார்த்தார். சார் தலையை ஆட்டிய பிறகுதான் திருகினார்.

இதில் ஒரு சங்கதியை யாரும் யோசிக்கவில்லை. தண்ணீர் வராத குழாயை யாரும் மூடி வைப்பதில்லை. மூன்று மாதமாகத் திருகிப் பார்த்து, காற்று வந்ததும் அப்படியே விட்டுப்போன குழாய்கள் அந்தப் பள்ளியில் எத்தனை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலில் சுவர்களுக்குள் ஒரு உறுமல். அப்புறம் கழிப்பறை, சிற்றுண்டிச்சாலை, அறிவியல் அறை, ஆசிரியர் அறைக் கைகழுவும் தொட்டி என்று எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் பொங்கியது. சிற்றுண்டிச்சாலை ராஜம்மா அக்கா நாசி லெமாக் சோற்றுத் தட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் பாடத்தை விட்டு வெளியே வந்து குதித்தார்கள். தியாகராஜன் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஒரு குழாயை மூடினார். பழனியப்பன் சார் நடைபாதையில் கணுக்கால் தண்ணீரில் அசையாமல் நின்றார். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் சிரிப்பை நிறுத்த என்னால் முடியவில்லை.

பயிற்சிப் பாரத்தை அன்றே நிரப்பினேன். நன்மைகள் என்ற இடத்தில், 'பிள்ளைகள் விடையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்' என்று எழுதினேன். தீமைகள் என்ற இடத்திலும் அதையே எழுதினேன். மற்ற வரிகள் காலியாகவே போயின.

என் மாற்றல் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி நல்லம்மாள் என் பாரத்தின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். நீல மையில் மூன்று வரி. 'மிகத் திறமையான ஆசிரியை. இவருடைய சேவை வேறு பள்ளிகளுக்கும் உடனடியாகத் தேவை. மிகவும் வலுவாக ஆதரிக்கிறேன்.' 'உடனடியாக' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. நாலு வருடம் பணிந்து போனதில் கிடைக்காதது, ஒரு தலையசைப்பில் கிடைத்தது. என்னைக் கண்ணில் படாத தூரத்துக்கு அனுப்ப அவருக்கு அவ்வளவு அவசரம்.

அக்டோபரில் உத்தரவு வந்தது. ஜனவரியிலிருந்து கிள்ளான், வீட்டிலிருந்து நடந்தே போகலாம். வகுப்பில் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் செய்தி முந்திக்கொண்டது. ஐந்தாம் ஆண்டு ஒருமாதிரி அமைதியானது. அடுத்த வருடம் அவர்களுக்கு அரசாங்கத் தேர்வு. ஆறாம் ஆண்டையும் நான்தான் எடுப்பேன் என்று நம்பியிருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ராஜேஸ்வரி என் மேசைக்கு வந்தாள். இந்தத் தடவை பின்னால் முழு வகுப்பும் நின்றது. கையில் ஒரு கடிதம்.

"டீச்சர், நாங்க ஒரு ஆராய்ச்சி செஞ்சோம். நீங்க ஏன் மாற்றலாகிப் போறீங்கன்னு. இன்டர்நெட்ல ஒன்னும் இல்ல. ஆளுங்களைத்தான் கேட்டோம். வால்வு விஷயத்துனால பெரிய சார் உங்களை அனுப்பறார்னு எல்லா டீச்சரும் சொல்றாங்க. அதனால அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டு லெட்டர் எழுதிட்டோம். முப்பத்தொரு பேரும் சைன் பண்ணியிருக்கோம்."

கடிதத்தை வாங்கக் கை நீட்டினேன்.

"ஆனா," என்றாள் ராஜேஸ்வரி, "ஒன்னு ஒத்துப்போகல. நல்லம்மாள் ஆன்டியைக் கேட்டோம். நீங்க அஞ்சு தடவை மாற்றல் கேட்டிருக்கீங்கன்னு சொன்னாங்க. உண்மையா டீச்சர்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மைக்காகத் தண்டனை வாங்கிய டீச்சராகவே போயிருக்கலாம். அந்த முகங்களைப் பார்க்கையில் அந்த ஆசை எனக்கு மிகவும் இருந்தது.

"உண்மைதான்," என்றேன். "நான்தான் கேட்டேன். நீங்க முதலாம் ஆண்டுல இருந்தப்பவே கேட்க ஆரம்பிச்சேன். காலையில என் மக எழுந்திரிக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும்னு கேட்டேன்."

அவள் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப லெட்டர் வேணாம்," என்றாள். "உங்களை அனுப்பறாங்கன்னு நெனைச்சப்ப அழுகையா வந்துச்சி. நீங்களா போறீங்கன்னா கோவம்தான் டீச்சர் வருது."

போய் உட்கார்ந்தாள். மற்றவர்களும் போய் உட்கார்ந்தார்கள். அன்று முழுவதும் முப்பத்தொரு பேரில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, முகத்தைக் காட்டாமல், பின்னக் கணக்கு நடத்தினேன்.